ஸ்ட்ராட்டுலயே இத்தனை ஸ்ட்ராட்டா? கிட்டார் கேட்லாக்கை படிக்கிற வழி

போன மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு சித்தி பையன் வாட்ஸ்அப்ல ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிட்டு "அண்ணா, இதுல எதுண்ணா வாங்கலாம்?"னு கேட்டான். பார்த்தா எல்லாமே ஸ்ட்ராட்டோகாஸ்டர், சுருக்கமா ஸ்ட்ராட், ஃபெண்டர் கம்பெனியோட எலக்ட்ரிக் கிட்டாரு. பிளேயர் 2, வின்டேரா 2, அமெரிக்கன் புரொஃபஷனல் 2, அமெரிக்கன் வின்டேஜ் 2, அல்ட்ரா, இது போக ஃபெண்டரோட விலை கம்மி பிராண்டான ஸ்குவையர் பேர்ல சோனிக், அஃபினிட்டி, கிளாசிக் வைப். போட்டோல பார்த்தா எல்லாத்துக்கும் ஒரே உடம்பு ஒரே தலை, விலை மட்டும் இருபதாயிரம் பக்கத்துல ஆரம்பிச்சு ரெண்டு லட்சத்தையும் தாண்டி போய்ட்டே இருக்கு. அவன் குழம்பினதுல தப்பே இல்ல, நானும் ஒரு காலத்துல இப்படி குழம்பி தப்பா ஒண்ணை வாங்கி அனுபவிச்சவன்தான், அதைப் பின்னாடி சொல்றேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. இந்த கம்பெனிங்க எல்லாம் ஒரே கடையில ரெண்டு விதமான ஆளுக்கு வியாபாரம் பண்றாங்க. ஒருத்தருக்கு ஸ்ட்ராட் வந்த 1954ல எப்படி இருந்துச்சோ அப்படியே வேணும், கலர் மங்கியிருந்தாக்கூட பரவால்ல. இன்னொருத்தருக்கு கை வலிக்காம, ட்யூனிங் போகாம, எல்லா டோனும் ஒண்ணுலயே வரணும். இந்த ரெண்டு பேரையும் விட முடியாம தான் ஒரே மாடல் பத்து பதினஞ்சா பிரிஞ்சு நிக்குது. அதனால கேட்லாக்கை மேல இருந்து கீழ விலை வரிசையா படிக்காதீங்க, ஒவ்வொரு விலையிலயும் பழசு பக்கம் ஒண்ணு, புதுசு பக்கம் ஒண்ணுன்னு பாதை ரெண்டா பிரியுதுன்னு வச்சுக்கிட்டு படிங்க. ஃபெண்டர்ல கிளாசிக் வைப், வின்டேரா, அமெரிக்கன் வின்டேஜ் பழசு பக்கம். அஃபினிட்டி, கன்டெம்பரரி, பிளேயர், அல்ட்ரா புதுசு பக்கம். இன்னொரு பெரிய கிட்டாரு கம்பெனியான கிப்ஸன்காரங்க இதை 2019ல வெளிப்படையாவே பண்ணிட்டாங்க, ஒரிஜினல் கலெக்ஷன், மாடர்ன் கலெக்ஷன்னு கேட்லாக்கையே ரெண்டா வெட்டிட்டாங்க.

ஏன் வெட்டினாங்கன்னு தெரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். 2015ல கிப்ஸன் ஒரு வேலை பண்ணாங்க. அந்த வருஷத்து மாடல் பெரும்பாலானதுக்கும் தானா ட்யூன் பண்ற மோட்டார் வச்ச ட்யூனரைப் போட்டு, நெக்கை (கை பிடிக்கிற கழுத்துப் பகுதி) அகலமாக்கி, தலைக்கிட்ட ஸ்ட்ரிங் உக்காருற நட்டைப் பித்தளையாக்கி, விலையையும் ஏத்தி விட்டாங்க. கிப்ஸனோட பேர்போன லெஸ் பால் கிட்டாரை வாங்குற ஆளு யாரு? அவனோட ஹீரோ கையில இருந்த அதே கிட்டாரு வேணும்னு பத்து வருஷமா காசு சேர்த்தவன். அவன்கிட்ட போய் பேட்டரி சார்ஜ் பண்ணுன்னு சொன்னா விடுவானா. ஏகப்பட்ட எதிர்ப்பு. அடுத்த வருஷமே டி, எச்.பி.ன்னு ரெண்டு வகையா பிரிச்சாங்க, டி பழைய முறை, எச்.பி. புது முறை. 2018 மே மாசம் கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போச்சு, அதுக்கு மெயின் காரணம் வேற எலக்ட்ரானிக்ஸ் பிசினஸ்ல வாங்கின கடன், இருந்தாலும் வெளிய வந்த உடனே முதல் வேலையா ஒரிஜினலை முன்னாடி கொண்டு வந்து வச்சாங்க.

"கம்பெனிக்காரன் புதுசா எதுவும் யோசிக்க மாட்டேங்கிறான், எழுபது வருஷமா ஒரே கிட்டாரை விக்கிறான்"னு திட்டுற ஆளுங்களைப் பார்த்தா எனக்கு சிரிப்புதான் வரும். அவன் யோசிச்சான் சாமி, நம்மதான் வாங்கல. 1958ல இதே கிப்ஸன் ஃப்ளையிங் வி, எக்ஸ்ப்ளோரர்னு ராக்கெட் மாதிரி ரெண்டு ஷேப் விட்டாங்க, முதல் ரெண்டு வருஷத்துல வி ஷேப் நூறு கிட்டாரைக்கூட தொடல. லெஸ் பாலே விக்கலன்னு 1961ல அந்த ஷேப்பை நிறுத்திட்டு கொம்பு வச்ச எஸ்.ஜி. ஷேப்புக்கு மாறினாங்க, அப்புறம் பழசு வேணும்னு ஜனங்க தேட ஆரம்பிச்சதும் 1968ல திரும்பக் கொண்டு வந்தாங்க. ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர் 1958ல ஜாஸ் வாசிக்கிறவங்களுக்குன்னு வந்தது, அவங்க சீண்டல, சர்ஃப் மியூசிக் பேண்டுங்க எடுத்துக்கிட்டாங்க, பிறகு அதுவும் ஓய்ஞ்சு செகண்ட் ஹேண்ட்ல சீப்பா கிடைச்சதால காசில்லாத ராக் பேண்டு பசங்க வாங்கி வாசிச்சு அதையே ஒரு ஸ்டைலாக்கினாங்க. இன்னிக்கு கேட்லாக்ல "பாரம்பரியம்"னு உக்காந்திருக்கிறதுல பாதி அந்தக் காலத்துல ஓடாத படம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கேட்லாக்ல மாடல் பேரைக் கையால மறைச்சுட்டு ஸ்பெக் டேபிளுக்குப் போங்க. அதுல இருபது வரி இருக்கும், நாலஞ்சு வரி தான் உங்க கைக்கும் காதுக்கும் சம்பந்தப்பட்டது, மத்தது எல்லாம் பெயின்ட் கடை.

முதல்ல பார்க்க வேண்டியது ஃப்ரெட்போர்டு ரேடியஸ், அதாவது நெக் மேல விரல் வச்சு அழுத்துற பலகையோட வளைவு (அதுல குறுக்க பதிச்ச கம்பிங்க தான் ஃப்ரெட்). தேங்கா பத்தையை நினைச்சுக்கோங்க, சின்ன தேங்கால கீறின பத்தைக்கு வளைவு ஜாஸ்தி, பெரிய தேங்கால கீறினதுக்கு வளைவு கம்மி. ஃப்ரெட்போர்டும் அப்படித்தான். பழைய ஃபெண்டர் 7.25 இன்ச், அதாவது நல்ல வளைவு. இப்போ வர்ற சாதா ஃபெண்டர் 9.5, கிப்ஸன் 12, ஐபனேஸ் கம்பெனியோட ஆர்.ஜி. மாதிரி வேகமா வாசிக்கிறதுக்குன்னு செஞ்சது 400 மில்லிமீட்டர், அது கிட்டத்தட்ட 16 இன்ச், பலகை மாதிரி தட்டையா இருக்கும். அல்ட்ரால நட்டு பக்கம் 10, பாடி பக்கம் 14ன்னு போகப்போக தட்டையாகும். நம்பர் சின்னதா இருந்தா பார் கார்டு (ஒரே விரலால எல்லா ஸ்ட்ரிங்கையும் அமுக்குறது) பிடிக்க விரல் இயல்பா மடங்கி சுகமா இருக்கும். ஆனா பெண்ட் பண்ணும்போது, அதாவது ஸ்ட்ரிங்கை ஓரமா தள்ளி சுருதி ஏத்தும்போது தான் விஷயம் தெரியும். கடையில 7.25 கிட்டாரை எடுத்து 15வது ஃப்ரெட்ல முதல் ஸ்ட்ரிங்கை ஒரு முழு ஸ்வரம் மேல தள்ளிப் பாருங்க, ஆக்ஷனை (ஃப்ரெட்டுக்கு மேல ஸ்ட்ரிங் நிக்கிற உயரம்) கீழ இறக்கி வச்சிருந்தா ஸ்ட்ரிங் நடுவுல இருக்கிற மேட்டு மேல ஏறி அடுத்த ஃப்ரெட்ல இடிச்சு, சத்தம் தொண்டை அடைச்ச மாதிரி டக்குனு செத்துடும். அதைத் தவிர்க்க ஆக்ஷனை ஏத்தணும், ஏத்தினா விரல் வலிக்கும். லீட் வாசிக்கப்போற ஆளு 7.25 வாங்கினா இதை ஏத்துக்கிட்டு தான் வாங்கணும்.

இங்க ஒரு சின்ன தந்திரம் இருக்கு பாருங்க. கிளாசிக் வைப் பார்க்க அச்சு அசலா பழசு, நெக்ல மஞ்சள் சாயம், பளபளப்பு எல்லாம் இருக்கும், ஆனா ரேடியஸ் 9.5. கண்ணுக்குப் பழசு கைக்குப் புதுசு. வின்டேரால 50ஸ், 60ஸ் ஸ்ட்ராட் எடுத்தா 7.25 தான், அது கைக்கும் பழசு. விலை கம்மியானது வசதியாவும் விலை ஜாஸ்தியானது கொஞ்சம் முரண்டு பிடிக்கிறதாவும் இருக்கிறது இப்படித்தான். காசு அதிகம் குடுத்தா வாசிக்க ஈஸியா இருக்கும்ங்கிற கணக்கு பழசு பக்கம் போனா வேலைக்கு ஆகாது.

அடுத்தது ஸ்கேல் லென்த், அதாவது நட்டுல இருந்து பாடில ஸ்ட்ரிங் உக்காருற பிரிட்ஜ் வரைக்கும் உள்ள நீளம். ஃபெண்டர் 25.5 இன்ச், கிப்ஸன் 24.75, பி.ஆர்.எஸ்.னு இன்னொரு கம்பெனி நடுவுல 25. முக்கால் இன்ச்ல என்னன்னு தோணும், ஒரே தடிமன் ஸ்ட்ரிங்கை ஒரே சுருதிக்கு ஏத்தினா கிப்ஸன்ல இழுவிசை சுமார் 6 சதவீதம் கம்மி. பெண்ட் பண்ணா கொஞ்சம் வெண்ணெய் மாதிரி போகும், ஆனா கீழ் சுருதிக்கு இறக்கி ஹெவியா வாசிக்கிறவங்களுக்கு தொளதொளன்னு ஆகும். சின்ன கை இருக்கிறவங்க ஃபெண்டர்லயே மஸ்டாங், ஜாகுவார் 24 இன்ச்னு வருதே, அதையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்க.

ஸ்ட்ரிங் அதிர்வைப் பிடிச்சு ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புற பிக்கப் பத்தி எல்லாரும் பேசுறாங்க, அதனால நான் சுருக்கமாவே முடிக்கிறேன். சிங்கிள் காயில் தெளிவா இருக்கும், ஆனா வீட்டுல ட்யூப்லைட்டும் சீப் அடாப்டரும் இருந்தா கொய்ங்னு ஒரு ஹம் கூடவே வரும். அந்த ஹம்மை அடக்கத்தான் கிப்ஸன்ல சேத் லவர் 1955ல ரெண்டு காயிலை எதிரெதிரா சேர்த்து ஹம்பக்கரைக் கண்டுபிடிச்சார், பேரே ஹம்மை விரட்டுறதுன்னு தான் அர்த்தம். எழுபதுகள் கடைசில ராக் கிட்டாரிஸ்ட் எட்டி வேன் ஹேலன் ஸ்ட்ராட் மாதிரி பாடில கிப்ஸன்ல இருந்து எடுத்த ஹம்பக்கரை சொருகி வாசிச்சார், அதுக்கப்புறம் ஊர்ல இருக்கிற எல்லா கம்பெனியும் அதைச் செய்ய ஆரம்பிச்சு, கடைசில ஃபெண்டரே எச்.எஸ்.எஸ்.னு, அதாவது ஒரு ஹம்பக்கர் ரெண்டு சிங்கிள் காயில்னு, போட வேண்டியதாச்சு. எந்த பிக்கப் வேலை செய்யணும்னு மாத்துற ஸ்ட்ராட்டோட அஞ்சு வழி ஸ்விட்ச் கதையும் இதே தான். 1954ல இருந்து மூணு வழி தான் இருந்துச்சு, வாசிக்கிறவங்க நடுவுல வர்ற டோன் வேணும்னு ஸ்விட்சை ரெண்டு பள்ளத்துக்கும் நடுவுல நிக்க வச்சு, அது நழுவாம இருக்க எதையாவது அடைச்சு வச்சு வாசிச்சாங்க, கம்பெனி 1977ல தான் அஞ்சு வழி போட்டுது. இருபத்தி மூணு வருஷம் கழிச்சு! புதுமை எல்லாம் வாசிக்கிறவன் வீட்டுல நடக்கும், கேட்லாக்குக்கு வர லேட்டாகும்.

ஃபெண்டரோட இன்னொரு மாடலான டெலிகாஸ்டர் பார்க்கிறவங்க பிரிட்ஜ்ல சேடில், அதாவது ஸ்ட்ரிங் உக்காருற துண்டு, எத்தனைன்னு எண்ணுங்க. மூணு இருந்தா பழைய முறை, ஒரு சேடில்ல ரெண்டு ஸ்ட்ரிங் உக்காரும், அதனால ஒண்ணோட சுருதியை சரி பண்ணா இன்னொண்ணு லேசா விலகும், 12வது ஃப்ரெட்டுக்கு மேல கார்டு பிடிச்சா காது கூர்மையான ஆளுக்கு உறுத்தும். ஆறு இருந்தா ஒவ்வொண்ணையும் தனித்தனியா சரி பண்ணலாம். மூணு சேடில்ல தான் அந்த ட்வாங்ங்கிற கணீர் சத்தம் வருதுன்னு சத்தியம் பண்ற ஆளுங்களும் இருக்காங்க, எனக்கு அந்த வித்தியாசம் ஒரு நாளும் கேட்டதில்ல, கேக்கிறவங்க வாங்கிக்கட்டும்.

இப்போ நான் அனுபவிச்ச கதை. பழைய ஸ்டைல்ல ஒரு கிட்டாரு, கம்பெனி பேரு வேண்டாம், கலரைப் பார்த்து மயங்கி வாங்கினேன். முதல் மழைக்காலத்துல நெக் லேசா அசைஞ்சு நாலு ஃப்ரெட்ல ஸ்ட்ரிங் உரசி இரைச்சல் வர ஆரம்பிச்சது. நெக்குக்குள்ள இருக்கிற ட்ரஸ் ராடுங்கிற இரும்புக் கம்பியைத் திருகினா சரியாகும்னு ஹெட்ஸ்டாக்ல, அதான் கிட்டாரோட தலைல, தேடுறேன், தேடுறேன், ஓட்டையே இல்ல. கடைக்காரர்கிட்ட போன் பண்ணா "அது கீழ இருக்கும் சார், நெக்கைக் கழட்டணும்"னு சாதாரணமா சொல்றார், இதை விக்கும்போது சொல்லியிருக்கலாம்ல. விஷயம் என்னன்னா பழைய ஃபெண்டர் முறைப்படி ட்ரஸ் ராடோட திருகு பாடி பக்கம் நெக் அடியில புதைஞ்சு இருக்கும். ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி, பின்னாடி நாலு ஸ்க்ரூ கழட்டி, நெக்கைத் தூக்கி, கால் சுத்து திருகி, திரும்ப மாட்டி, திரும்ப ட்யூன் பண்ணிப் பார்த்தா இன்னும் கால் சுத்து வேணும்னு தெரியும், மறுபடியும் முதல்ல இருந்து. நான் ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க இதையே பண்ணேன், கடைசில அந்த ஸ்க்ரூ ஓட்டை தளர்ந்துடுமோன்னு பயம் வேற. அமெரிக்கன் வின்டேஜ், வின்டேரா வகையறால 50ஸ், 60ஸ் மாடல் எடுக்கிறவங்க இதைத் தெரிஞ்சே எடுங்க. ஸ்பெக் டேபிள்ல இது எங்கயாவது ஒரு மூலைல கிடக்கும், இல்லன்னா போட்டோல ஹெட்ஸ்டாக்கை ஜூம் பண்ணி நட்டுக்கு மேல ஓட்டையோ மூடியோ இருக்கான்னு பாருங்க.

மரம் பத்தின வரியை நான் பெரும்பாலும் தாண்டிப் போயிடுவேன், ஆனா ஒரு கிளைக்கதை மட்டும் சொல்லிடறேன். ஃப்ரெட்போர்டுக்கு இந்தியன் ரோஸ்வுட்னு போட்டிருப்பாங்களே, அது நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைல வளர்ற ஈட்டி மரம் தான், தோதகத்தின்னும் சொல்வாங்க. 2017ல ரோஸ்வுட் வகை மொத்தத்துக்கும் உலக வர்த்தகத்துல பெர்மிட் கட்டாயம்னு ஆனதும் ஃபெண்டர் மெக்ஸிகோ கிட்டாருக்கு எல்லாம் பாவ் ஃபெரோன்னு வேற மரத்துக்கு மாறுச்சு, 2019 கடைசில இசைக்கருவிக்கு விலக்கு கிடைச்சுது, பிளேயர் 2 வந்தப்போ திரும்ப ரோஸ்வுட். செகண்ட் ஹேண்ட்ல பிளேயர் பார்த்துட்டு "ரோஸ்வுட் இல்லையே, டூப்ளிகேட்டோ"ன்னு பயப்படாதீங்க, அந்த வருஷத்துல அப்படித்தான் வந்துச்சு.

பழைய சுமை இல்லாத கம்பெனிங்க கதை வேற. யமஹா பசிஃபிகா 1990ல கலிஃபோர்னியாவுல இருந்த அவங்க டிசைன் ஆபீஸ்ல பிறந்தது, யாருக்கும் தாத்தா காலத்து ஞாபகம் கிடையாது, அதனால 112வி மாடல்ல ஹம்பக்கர் ஒண்ணு, சிங்கிள் காயில் ரெண்டு, ஹம்பக்கரைப் பாதியா பிரிக்கிற வசதின்னு தேவையானதை மட்டும் வச்சாங்க, யாரும் கோவிச்சுக்கல. ஐபனேஸ் முதல்ல அமெரிக்க கிட்டாரை அச்சடிச்ச மாதிரி காப்பி அடிச்சு, 1977ல ஹெட்ஸ்டாக் ஷேப்புக்காக கிப்ஸன் தரப்பு கேஸ் போட்ட காலத்துல காப்பியை விட்டுட்டு சொந்த டிசைனுக்கு மாறி, 1987ல ஆர்.ஜி. விட்டாங்க. ஆனா பாருங்க, இப்போ அந்த ஆர்.ஜி.550யையே பழைய கலர்ல மறுபடியும் போட்டு விக்கிறாங்க, நேத்து புரட்சி பண்ணவன் இன்னிக்கு பாரம்பரியம். எதிர்ப்பக்கம் பி.ஆர்.எஸ். 24 ஃப்ரெட், ஃப்ரெட்போர்டுல பதிச்ச பறவை உருவம்னு தனக்குன்னு ஒரு முகம் இருந்த கம்பெனி, 2018ல கிட்டாரிஸ்ட் ஜான் மேயரோட சேர்ந்து சில்வர் ஸ்கை விட்டாங்க, 25.5 ஸ்கேல், 22 ஃப்ரெட், மூணு சிங்கிள் காயில், ரேடியஸ் 7.25. இது ஸ்ட்ராட் இல்லாம வேற என்னன்னு ஊரே சிரிச்சுது, ஆனாலும் நல்லா வித்துச்சு. அதோட குறைஞ்ச விலை எஸ்.இ. வெர்ஷன்ல ரேடியஸை 8.5 ஆக்கிட்டாங்க, பாருங்க அங்கயும் விலை குறைஞ்சதும் வசதி கூடுது.

எல்லாரும் ஸ்ட்ராட் ஷேப் போட முடியுறதுக்கு காரணம், அந்த பாடி ஷேப்புக்கு ட்ரேட்மார்க் கேட்ட ஃபெண்டருக்கு 2009ல அமெரிக்காவுல கிடைக்கல, தலை ஷேப் மட்டும் அவங்களோடது. அதனால தலை வேற மாதிரி இருக்கிற எஸ் ஷேப் (ஸ்ட்ராட் ஷேப்) கிட்டாரை மட்டமா நினைக்காதீங்க, அதுவும் நேர்மையான கிட்டாரு தான். தலையும் அதுல இருக்கிற ஃபெண்டர்ங்கிற எழுத்தும் அப்படியே இருந்து விலை மட்டும் பாதியா இருந்தா தான் சந்தேகப்படணும்.

சித்தி பையனுக்கு வர்றேன். அவன்கிட்ட நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு, "அடுத்த மாசம் நீ எங்க வாசிக்கப் போற?" லைட் மியூசிக் ட்ரூப்ல சனி ஞாயிறு கல்யாணத்துக்குப் போறான். ஒரே ராத்திரில மெலடிக்கு க்ளீனா ஆர்பெஜியோ (கார்டை ஒவ்வொரு ஸ்வரமா வாசிக்கிறது), குத்துக்கு சக்குசக்குன்னு ரிதம், நடுவுல ஒரு பாட்டுக்கு டிஸ்டார்ஷன் போட்டு லீட், அதுவும் சீரியல் லைட்டும் ஜெனரேட்டரும் இருக்கிற மண்டபத்துல. இவனுக்கு எதுக்கு 7.25 ரேடியஸும் புதைஞ்ச ட்ரஸ் ராடும்? புதுசு பக்கம், எச்.எஸ்.எஸ்., 9.5 அல்லது அதுக்கு மேல, ஹெட்ஸ்டாக்லயே திருகுற ட்ரஸ் ராட், இந்த நாலும் இருக்கிறதை மட்டும் ஸ்க்ரீன்ஷாட்ல வட்டம் போடுடான்னேன். மீதி நின்னது மூணு. அதுக்கு மேல கலர் அவன் இஷ்டம். நாள் முழுக்க ஒரே விதமான பழைய ப்ளூஸ், சர்ஃப் வாசிக்கிற ஆளு கேட்டிருந்தா நான் நேர் எதிரா சொல்லியிருப்பேன், அந்த வளைவும் அந்த முரண்டும் தான் அவனுக்கு அந்த வாசிப்பைக் குடுக்குது.

கடைக்குப் போகும்போது ஆம்ப்ளிஃபையர்ல போடாம முதல்ல சும்மா பத்து நிமிஷம் வாசிங்க, சத்தம் ஏமாத்தும், கை ஏமாத்தாது. நெக் ஓரத்துல விரலை மேலயும் கீழயும் ஓட்டி ஃப்ரெட் நுனி குத்துதான்னு பாருங்க. ஸ்ட்ராப் மாட்டி நின்னுட்டு வாசிங்க, லெஸ் பால் பெரும்பாலும் நாலு கிலோவைத் தாண்டும், உக்காந்து வாசிக்கும்போது தெரியாது, மூணாவது பாட்டுல தோள்பட்டை சொல்லும். செட்டப்புக்குன்னு, அதாவது ஆக்ஷனையும் நெக்கையும் சரி பண்ண, தனியா கொஞ்சம் காசு எடுத்து வைங்க, எந்த மாடல் வாங்கினாலும்.

பையன் ஒரு எச்.எஸ்.எஸ். வாங்கிட்டான். முதல் கச்சேரிலயே வேமி பாரை (சுருதியை ஏத்தி இறக்க பிரிட்ஜ்ல இருக்கிற கம்பி) இழுத்து ஆட்டிட்டு மேடைலருந்தே "அண்ணா, ட்யூனிங் போயிடுச்சு"ன்னு மெசேஜ். மறுநாள் வரச் சொல்லி பின்னாடி பிளேட்டைக் கழட்டி, ஸ்பிரிங்கைப் பிடிச்சிருக்கிற ரெண்டு ஸ்க்ரூவையும் கொஞ்சம் கொஞ்சமா சமமா இறுக்கினோம், பிரிட்ஜ் பாடியோட ஒட்டி உக்காந்துச்சு. இனிமே பாரை மேல இழுக்க முடியாது, கீழ அமுக்கலாம், ஒரு ஸ்ட்ரிங் அறுந்தாலும் மத்த அஞ்சும் சுருதி மாறாம நிக்கும். அவனுக்கு அது போதும்னான்.